கண்ணீர் தெரியாத மௌக்லி

மும்பை மாட்டுங்காவில் ரயிலேறி சிஎஸ்எம்டியில் இறங்கினால் ஜே.ஜே. கலைப்பள்ளி நடக்கும் தூரம்தான். அங்கே சிற்பம் கற்பித்த ஜான் லாக்வுட் கிப்ளிங்கின் மகன் ருட்யார்ட், 1865 டிசம்பர் 30 அன்று அந்த வளாகத்தில்தான் பிறந்தார். அவர் படைத்த மௌக்லி பிறப்பால் மனிதன், வளர்ப்பால் ஓநாய்.

1894-ல் வெளியான ‘ஜங்கிள் புக்’கில், ஓநாய்க் கூட்டம் கைவிட்ட இரவில் அவனுக்கு முதன்முதலாகக் கண்ணீர் வருகிறது. அது என்னவென்று தெரியாமல், சாகப்போகிறேனா என்று பகீராவிடம் கேட்கிறான். இது வெறும் கண்ணீர்தான், மனிதர்களுக்கு வருவது என்று விளக்குவது ஒரு கருஞ்சிறுத்தை! கிப்ளிங்கின் அரசியலோடு ஒத்துப்போகாதவர்களும் இந்த இடத்தில் மசிந்துவிடுவார்கள்.

பிறகு மனிதர்களின் ஊருக்குள் போனால் கூத்துதான். குடிசை அவன் கண்ணுக்குச் சிறுத்தைப் பொறி. சன்னல் வழியே நழுவி வயலோரப் புல்லில் படுக்கிறான். காசும் புரியவில்லை, சாதியும் புரியவில்லை. களிமண் குழியில் விழுந்த குயவரின் கழுதையை வாலைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான், ஊர் அதிர்கிறது. தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவில் சொன்னால் ரசித்துச் சிரிப்பார்கள்.

1895-ன் இரண்டாம் நூலில், கடைசிக் கதையில் அவனுக்கு வயது ஏறக்குறைய 17. வசந்தம் வந்ததும் இனம்புரியாத சோகம். விஷத்தைத் தின்றுவிட்டோம் என்றே நினைக்கிறான்.

டிஸ்னியின் 1967 படத்தோடு நின்றுவிட்டவர்கள், அந்தக் கடைசிக் கதையைத் தேடிப் படியுங்கள்.