எஸ்எஸ்எச் போடும் கூச்சல்

போன வாரம் மாடியில் இருக்கும் லினக்ஸ் கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழையப் போனேன். "எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது, யாராவது நடுவில் ஒட்டுக்கேட்கலாம்" என்கிற ரீதியில் பெரிய எச்சரிக்கை. எல்லாரும் செய்றதைத்தான் நானும் செஞ்சேன்: சேமித்திருந்த பழைய சாவியை அழித்துவிட்டு, கடவுச்சொல்லைத் தட்டினேன். மூணு தடவையும் தப்புன்னு சொல்லிச்சு.

அப்புறம்தான் உறைத்தது. ரவுட்டர் அந்த ஐபி முகவரியை என் ராஸ்பெரி பைக்குக் கொடுத்திருக்கிறது. மாடிக் கணினியின் கடவுச்சொல்லை வேறொரு கணினியிடம் நானே மூன்று முறை ஒப்பித்திருக்கிறேன்!

1995ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடுபோன பிறகு தாத்து யுலோனென் எழுதியது எஸ்எஸ்எச். அதன் பயம் நியாயமானதுதான். என் குறை வேறு. அந்த எச்சரிக்கை தாக்குதலைச் சொல்கிறது, சாவி மாறியிருக்கலாம் என்கிறது. வீடுகளில் சகஜமாக நடக்கும் 'முகவரி கைமாறியிருக்கலாம்' என்பதை மட்டும் சொல்வதில்லை. அடிக்கடி வீணாகக் கத்தினால் நிஜ ஆபத்திலும் சாவியை அழிக்கத்தான் கை போகும்.

இப்போது ரவுட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். இனி எச்சரிக்கை வந்தால், மாடியேறிப் போய் அந்தக் கணினியிலேயே சாவியின் கைரேகையைச் சரிபார்த்த பிறகுதான் அழிப்பேன்.