அழுகையும் ஆட்டமும்

சமுதாயக் குறையை எடுத்துரைக்கும் பாட்டு எவ்வாறு அமைதல் வேண்டும்? உரத்து இடித்துரைக்க வேண்டுமா, உள்ளம் உருக அழ வேண்டுமா? இவ்வினாவுக்கு விடை காணத் தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகள் இன்றும் துணை செய்கின்றன.

முதலில் மேலைநாட்டுப் பாடல் ஒன்றைக் காண்போம். பர்மிங்ஹாம் தொழில் நகரத்து இளைஞர் நால்வர் கூடிய 'பிளாக் சாபத்' குழு, 'ஹெவி மெட்டல்' எனப்படும் பேரோசை இசைக்கு வழிவகுத்தது. 1970இல் அக்குழு வெளியிட்ட 'வார் பிக்ஸ்' என்னும் பாடல், ஏழைகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கும் அதிகாரத்தாரைச் சாடுவது. குழுவில் கிதார் வாசித்த டோனி அயோமி, தகடு செய்யும் தொழிற்சாலையில் இரு விரல்நுனிகளை இழந்தவர். வெகுளி பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் கொலையும் ஒன்று என்பது தொல்காப்பியம். போர்க் கொலையைக் கண்டு பிறந்த வெகுளிக்கு அப்பேரோசை பொருந்துகிறது. சொல் விளங்காதவரும் அதன் சினத்தை உணர்வர்.

இனித் தமிழுக்கு வருவோம். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனின் இசையில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை அறிவு எழுதினார். பாடகி தீயும் அவரும் பாடினர். இதன் பொருள் வெகுளியன்று, அழுகை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கன் வழி அழுகை தோன்றும். மண்ணைப் பண்படுத்தியவர் மண்ணை இழந்ததும், தோட்டம் வளர்த்தவர் தாகம் தீராது நின்றதும் இப்பாட்டின் சாரம். அறிவின் பாட்டி வழியினர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அத்தகைய தொழிலாளர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. அந்த இழவே இங்கு ஒப்பாரியின் சாயலில் ஒலிக்கிறது.

'எஞ்சாமி' என்ற சொல்லும் நோக்கத்தக்கது. 'என் சாமி' என்று பேரனைக் கொஞ்சுவாள் பாட்டி. அதே பாட்டி, வயலில் நிலக்கிழாரையும் 'சாமி' என்றே அழைத்திருப்பாள். அன்புக்கும் அடிமைக்கும் ஒரு சொல்லே வழங்கிய வாழ்வை, விளக்கவுரை எதுவுமின்றி இப்பாட்டு உணர்த்திவிடுகிறது. இதுவே இதன் சிறப்பு.

குறை இல்லையோ எனின், உண்டு. அழுகைப் பொருளுக்கு உவகைத் தாளம் அமைந்திருக்கிறது. துள்ளும் மெட்டு கால்களை ஆடச் செய்கிறது. ஆடுபவர் காதில் இழப்பு விழுவதில்லை. 'வார் பிக்ஸ்' பாடலில் ஓசையும் பொருளும் ஒரே திசையில் செல்கின்றன; இதிலோ எதிரெதிரே செல்கின்றன. ஆயினும் சாவு வீட்டிலும் பறை முழக்கி ஆடியவர் தமிழர். அம்மரபை அறிந்தவர்க்கு இம்முரண் குறையாகத் தோன்றாது. அறியாத இளையோர்க்கே தாளம் மட்டும் எஞ்சும்.

அவ்விளையோர்க்கு உணர்த்தும் பொறுப்பு தமிழாசிரியருடையது. 'ரஜூலா' கப்பலில் வந்து பினாங்கில் கரையிறங்கிப் பால்மரக் காடுகளுக்குச் சென்றவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். தேயிலை என்ற இடத்தில் ரப்பர் என்று வைத்தால், இப்பாட்டு அவர்கள் குடும்பக் கதையாகிவிடும். பள்ளி விழாவில் அவர்கள் இதற்கு ஆடட்டும், தடுக்க வேண்டுவதில்லை. ஒத்திகைக்கு முன் ஒரு பாடவேளையேனும் ஒதுக்கி, "உன் பாட்டி யாரைச் சாமி என்று அழைத்தாள்? வீட்டில் கேட்டு வா" என்று சொல்லியனுப்புதல் நன்று.