இராமநாதனின் கலக நூலும் துப்பாக்கியின் எல்லையும்

1915 ஆம் ஆண்டுக் கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றிச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுதி, 1916 இல் இலண்டனில் வெளியான ஆங்கில நூல், அவர் பெயரைப் போற்றுவோராலும் இன்று அரிதாகவே கற்கப்படுகின்றது. வெறும் கட்சி வாதமென அதனை ஒதுக்குதல் தகாது. ஆயுதம் யார் கையில் இருக்கலாம், அரசு அதனை எதுவரை பயன்படுத்தலாம் என்னும் வினாக்கள் அதனுட் பொதிந்துள்ளன.

கலகம் தோன்றிய இடம் கண்டி. ஹந்தானை மலையடியில் உள்ள அந்நகரில், மே மாத இறுதியில், வெசாக் ஊர்வலமொன்று பள்ளிவாசலின் முன் தடைப்பட, மூண்ட பூசல் சில நாளிற் பல மாகாணங்களுக்கும் பரவிற்று. யூன் 2 இல் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். யூன் முதல் வாரத்தோடு கலகம் பெரிதும் அடங்கிற்று. சட்டமோ ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்ட நாள் யூலை 7.

இத்திகதிகளின் இடைவெளியே நூலின் பலம். கலகம் அடங்கிய பின்னும் மக்களைச் சுடுதற்கு என்ன தேவை இருந்தது? இவ்வினாவை எழுப்பியவர் அரசின் பகைவர் அல்லர்; சொலிசிற்றர் ஜெனரலாக அவ்வரசுக்கே வழக்காடியவர். ஆதலின் அவர் வாதத்தில் ஆவேசத்தினும் ஆவணமே மிகுதி. ஐரோப்பியத் தோட்டத்துரைமார் முதலிய தனியாட்களும் அரசின் பெயரால் துப்பாக்கி ஏந்தினர். (அவர்களுக்கெனத் தனி ரைபிள் படையொன்று 1900 முதல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.) கேகாலைப் பகுதியில் நிகழ்ந்த சூடுகள், அடுத்த தேசாதிபதி சேர் யோன் அண்டர்சன் காலத்தில் விசாரிக்கப்பட்டன. எனினும், சுட்டவர் மீது வழக்குத் தொடர இயலாதவாறு 1915 இலேயே காப்புக் கட்டளை பிறந்திருந்தது.

நூலின் குறையையும் மறைத்தலாகாது. கடையும் உயிரும் இழந்த முஸ்லிம் மக்களின் துயரை அது போதிய அளவு எண்ணியதாகக் கூறமுடியாது. சிங்களவரின் இராச விசுவாசத்தை நிறுவும் வேகத்தில், கலகத்தின் முதற் பலியானோர் பின்தள்ளப்படுகின்றனர்.

நூல் வெளிவந்த 1916 ஆம் ஆண்டிலேயே, 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும் பிறந்தது. திருத்தங்களுடன் அது இன்றும் நிலவுகின்றது. அமெரிக்க அரசியல் யாப்பின் 1791 ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயுதம் தாங்குதலைக் குடிகளின் உரிமை என்னும். ஈழத்தில் அஃது உரிமையன்று, அனுமதி. அனுமதி அளிப்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில். அமெரிக்கர் வழி இந்நாட்டுக்கு வேண்டுவதன்று. ஆயினும், குடிகளிடம் துப்பாக்கிக்குக் கணக்குக் கேட்கும் அரசு, தன் துப்பாக்கிக்கு யாரிடம் கணக்குக் காட்டும்?

1940 சனவரியில், ஹந்தானைத் தொடருக்கு அப்பால், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். விசாரணைக் குழுவும் அமைந்தது. இராமநாதன் 1930 இலேயே மறைந்துவிட்டார். இருந்திருப்பின், பெதிரிசின் தரப்பில் நின்று வாதாடியவர் லயத்துத் தொழிலாளிக்காகவும் வாதாடியிருப்பாரா என்பது, டொனமூர் ஆணைக்குழுக் காலத்தில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்த ஒருவரைப் பொறுத்தமட்டில், எளிதில் விடை கூறத்தக்கதன்று.