பின்ஹே தீர்ப்பை எப்படி நடத்துவது?

நம் கலைக் கல்லூரிகளின் அரசியல் அறிவியல் வகுப்பில் நீதிமன்றத்துக்குக் கிடைக்கும் இடம் பரிதாபமானது. நீதிபதியின் தகுதி, ஓய்வு வயது, ஒரு ஐந்து மதிப்பெண் வினா, அதோடு சரி. நீதித்துறை அரசியல் என்கிற பாடம் வேறு வழியில் போவது. அந்த நாற்காலியில் இருந்தவர் யார், அவருக்கு மேலே யார், எவ்வளவு தூரம் அவரால் போக முடிந்தது என்றெல்லாம் அது கேட்கும். இதைச் சுவையாக நடத்துவது ஒரு கைத்திறன். அதற்குத் தூத்துக்குடியைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கட்சி.

வ.உ.சி. வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலையும் செக்கையும் மாணவர்கள் பள்ளியிலேயே படித்துவிட்டார்கள்; தேர்ந்த ஆசிரியர் அந்தப் பக்கம் போகமாட்டார். நேரே 1908 ஜூலை 7க்கு வருவார். அன்று திருநெல்வேலியில் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ.எஃப். பின்ஹே, சுப்பிரமணிய சிவாவுக்குக் கொடுத்தது பத்து ஆண்டு. வ.உ.சி.க்கு ராஜதுரோகத்துக்கு ஓர் ஆயுள், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள். பேசியவருக்குப் பத்து, உடந்தைக்கு ஆயுள்! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும்.

“வெள்ளைக்காரன், வேறென்ன செய்வான்?” என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அடுத்த வரியில் ஜூலை 22 என்று எழுதலாம். பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் விதித்தவர் நீதிபதி தாவர், பார்சி. 1897இல் இதே திலகருக்கு வழக்கறிஞராக நின்று ஜாமீன் வாங்கித் தந்தவரும் அவர்தான். அதே மாதத்தில் லண்டனில் இந்தியா மந்திரி மார்லி, திருநெல்வேலித் தண்டனைகளைச் சற்றும் ஆதரிக்க முடியாது என்று வைஸ்ராய் மின்டோவுக்குக் கடிதம் எழுதுகிறார். தோலின் நிறத்தை வைத்துச் சொன்ன பதில் இங்கே உடைகிறது. உடைகிற சத்தம் கேட்பதுதான் இந்தப் பாடத்தின் ருசி.

பிறகு இடத்தைப் பார்க்கச் சொல்லலாம். பின்ஹே உட்கார்ந்திருந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரியில் தூத்துக்குடியில் கோரல் மில் வேலைநிறுத்தம், அதற்கு முன்பே வெள்ளையர் கம்பெனியோடு கப்பல் போட்டி. மேல்முறையீட்டைக் கேட்ட தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட்டும் நீதிபதி மில்லரும் சென்னையில், கட்டுக் காகிதங்களுக்கு முன்னால். தண்டனை வெகுவாகக் குறைந்தது. 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்துவிட்டார். தூரம் நீதியைத் தளர்த்துமா? மார்லியின் எரிச்சல் சென்னை வரை எட்டியதா? ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ பக்கத்தில் இருந்தால் ஒரு வாரம் வாதம் ஓடும்.

நீதிபதிகளை ஆராய வேறு வழிகளும் உண்டு. அமெரிக்காவில் அரசியல் அறிவியலாளர் ஹெர்மன் பிரிட்செட் 1948இலேயே நீதிபதிகளின் வாக்குகளை எண்ணிப் புத்தகம் போட்டார். நம் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு மூன்று பேர் அமர்வுகளே மிகுதி, மறுப்புத் தீர்ப்பு அபூர்வம். எண்ணுவதற்கு அதிகம் அகப்படாது. ஆய்வாளர் ஜார்ஜ் காட்பாய்ஸ் அந்த நீதிபதிகளையே தேடிப்போய்ப் பேட்டி எடுத்தது எனக்கு அதிகம் பிடித்த வழி.

ஆசிரியரின் திறமைக்கு உண்மையான சோதனை தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை வழக்கு. 2010இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து, ஆலை நடக்கலாம் என்றது. 2018 மே மாதம் ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலையை அரசு மூடியது சரியென்று 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லின. அதே ஆலை, அதே உச்ச நீதிமன்றம். நடுவில் மாறியது சான்றா, நீதிபதிகளா, தெருவா? அந்த வகுப்பில் ஒப்பந்த வேலை போன வீட்டுப் பிள்ளையும் இருக்கும், நோயாளி இருக்கிற வீட்டுப் பிள்ளையும் இருக்கும். இரண்டு பேரையும் ஒரே பத்தியை வாசிக்க வைத்து, தன் கட்சி எது என்று காட்டிக்கொள்ளாமல் மணி அடிக்கும்வரை தாக்குப்பிடிக்கிற ஆசிரியருக்கு நான் தலைவணங்குவேன். வரலாற்றை நடத்துவதைவிட இது கடினம், வ.உ.சி. வழக்கில் எல்லோரும் ஒரே பக்கம்.

வ.உ.சி. கல்லூரி, காமராஜ் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பருவத்துக்கு இந்த இரண்டு வழக்குகள் போதும், பாடத்திட்டத்தில் சேருங்கள். 2020 தீர்ப்பு 800 பக்கத்துக்கு மேல்; இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.