ஒரே தண்ணீர், மூன்று வழக்காடுமேடைகள்

மாரண்டஹள்ளி அடங்கிய தர்மபுரி மாவட்டத்தில், பழுப்புக் கறை படிந்த பற்களோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. காரணம் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளூரைடு. அந்த ஒரு தண்ணீரைப் பற்றி ஆய்வகமும் அரசியல் மேடையும் நீதிமன்றமும் வெவ்வேறு விதமாக வாதிட்டிருக்கின்றன. மூன்றுக்கும் வாதம் என்றே பெயர். ஆனால் எது சான்று, எது வெற்றி என்பதில் மூன்றும் ஒத்துப்போவதில்லை.

புவியியலாளரின் வாதம் பாறையிலிருந்து தொடங்குகிறது. இங்குள்ள கடினப் பாறைகளில் ஃபுளூரைடு கொண்ட கனிமங்கள் கலந்திருக்கின்றன. மழை குறைந்த நிலத்தில் நீர் பாறையோடு நெடுநாள் உறவாடுகையில் ஃபுளூரைடு கரைகிறது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல் கறைபடும். அளவு மிகுந்தால் எலும்பும் வளையும். நாளை வேறு அளவு கிடைத்தால் ஆய்வாளர் தம் முடிவை மாற்றிக்கொள்வார். அதில் அவருக்கு இழுக்கில்லை. இந்த வாதத்தின் பெரும் பலம் அதுதான். ஆனால் அது ஊர்வாய்க்கு எட்டுவதில்லை. அறிக்கையாகவே கோப்பில் தங்கிவிடுகிறது.

ஊர்வாய்க்கு எட்டியது 2008-இல். காவிரி நீரைத் தர்மபுரிப் பகுதிக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அந்த ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் கர்நாடகத்தில் எதிர்ப்பு வெடித்தது. ஏப்ரலில் சென்னையில் தமிழ்த் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது. பெங்களூரில் கன்னடத் திரையுலகம் திரண்டது. கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று முதல்வர் கருணாநிதி திட்டத்தைத் தள்ளிவைத்தார். குடிநீருக்கான இசைவு 1998-லேயே இரு மாநிலங்களுக்கிடையில் ஏற்பட்டிருந்தது. மேடைகளில் அந்த உடன்பாடும் ஃபுளூரைடு அளவும் பின்னுக்குப் போயின; ஆறு யாருடையது, மானம் யாருடையது என்பதே கேள்வியாயிற்று.

பழைய தருக்க நூலான நியாய சூத்திரம் இத்தகைய நிலையை அன்றே வகுத்துவைத்தது. உண்மையைத் தேடுவது வாதம்; வென்றால் போதும் என்பது ஜல்பம்; தன் தரப்பை நிறுவாமல் எதிராளியைத் தகர்ப்பது மட்டுமே விதண்டை. தமிழிலும் இந்தப் பயிற்சிக்கு நீண்ட மரபு உண்டு: வஞ்சியில் சமயவாதிகள் அனைவரையும் பொறுமையாகக் கேட்ட மணிமேகலை, காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை இலக்கணம் பயில்கிறாள். கேட்பதும் வாதத்தில் ஒரு பாதி என்பதை மணிமேகலைக் காப்பியம் அறிந்திருந்தது. மேடை அந்தப் பாதியை இழந்துவிட்டது. கைதட்டலுக்கு முன் நின்று, "எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது" என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

இதற்காக மேடையை ஒதுக்கிவிட முடியாது. தர்மபுரியின் குடிநீர்ப் பஞ்சம் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது அந்தக் கொந்தளிப்பால்தான். 2013 மே மாதம் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பின்னால் அளவைக்கருவி மட்டும் இல்லை, அந்தக் குரல்களும் இருந்தன.

நீதிமன்றத்தின் வாதம் வேறு. அங்கே சொன்னது பதிவாகும், எதிர்த்தரப்பு பதில் சொல்லியாக வேண்டும், தீர்ப்புக்குக் காரணம் எழுதப்பட வேண்டும். விலை, காலம். காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது. இறுதித் தீர்ப்பு 2007-இல் வந்தது. உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது 2018 பிப்ரவரி 16-இல். ஒகேனக்கலுக்குச் சற்று மேலே உள்ள பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டிய 192 டி.எம்.சி. அன்று 177.25 ஆயிற்று. குறைந்ததில் 10 டி.எம்.சி. தமிழக டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்ததால், மீதி 4.75 பெங்களூரு உள்ளிட்ட குடிநீர்த் தேவைக்கு. நிலத்தடி நீர் எவ்வளவு என்பது ஆய்வாளரிடம் எப்போதும் திருத்தத்துக்குரிய மதிப்பீடு. தீர்ப்பில் ஏறியதும் அது உரிமையின் எல்லையாகிவிடுகிறது. ஒரு துறையின் முடிவு இன்னொரு துறைக்குள் நுழையும்போது அதன் தயக்கம் வாசலிலேயே கழன்றுவிடுவதுதான் இந்த முறையின் ஆழமான குறை.

2022-இல் ஒகேனக்கல் இரண்டாம் கட்டத்துக்குக் கர்நாடகத்திலிருந்து மறுபடி எதிர்ப்பு எழுந்தது. ஃபுளூரைடு ஆய்வு முடிவுகள், 1998 இசைவின் வாசகம், ஆற்றில் எடுக்கப்படும் நீரின் அளவு ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, இரு மாநிலப் பொறியாளர்களும் மக்கள் முன்னிலையில் பேசும் ஏற்பாடு தேவைப்படுகிறது. மாரண்டஹள்ளி போன்ற ஊர்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும். அந்தப் பேச்சுவார்த்தையை இங்கிருந்தே தொடங்கலாம்.