நிலமும் பொழுதும் இல்லாத பதில்

1

நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொண்டிருப்பது செல்போன் திரையில் தமிழில் வந்த ஒரு பதிலை. இருபத்திரண்டு வரி. ஆசிரியர் பெயர் கிடையாது, தேதி கிடையாது. சாட்பாட் என்று நாம் சொல்லும் உரையாடல் எந்திரம் ஒன்று தந்த பதில். கேட்டவள் என் சித்தி மகள்; ஊர் விருத்தாசலம் பக்கம். அவள் புருஷன் கொத்தனார், முப்பத்தெட்டு வயது. 2024 ஜனவரியில் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் விடிகாலையில் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனார்.

பத்தாவது படிக்கிற மகனை விட்டு அவள் அடிக்கச் சொன்ன கேள்வி இது: 'எங்க வீட்டுக்காரர் சைக்கிள்ல போகும்போது கார் மோதி இறந்துட்டார். நாங்க என்ன செய்யணும், எத்தன நாளுக்குள்ள கேஸ் போடணும், எவ்ளோ பணம் கிடைக்கும்?'

பதில் நல்ல தமிழில்தான் இருந்தது. முதலில் இரங்கல் தெரிவித்தது. பிறகு எண் போட்டுச் சொன்னது: விபத்து நடந்த இடத்தில் அமைதியாக இருங்கள், தவறை ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யுங்கள். மனுச் செய்யக் காலவரம்பு இல்லை. இறப்புக்கான இழப்பீடு ரூ. 5 லட்சம். கடைசி வரி: தகுதியான வழக்கறிஞரை அணுகவும்.

இந்தப் பதிலை நம்பி அவள் பதினொரு மாதம் சும்மா இருந்தாள். காலவரம்புதான் இல்லையே, வருஷத் திதி முடியட்டும் என்று இருந்துவிட்டாள். கார்க்காரர் தரப்பிலிருந்து ஆள் வந்து, அஞ்சு லட்சம் தருகிறோம், கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம் என்று பேசியபோது, அதுவும் அஞ்சுதானே சொல்லிச்சு என்று கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். மாமியார் கிழவிதான் எனக்குப் போன் போட்டு, 'எதுக்கும் நீ ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போப்பா' என்றது.

2

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் யார் பேசுவது, யாரிடம் பேசுவது என்று பார்ப்பான். இந்தப் பதிலில் முன்னிலை இருக்கிறது, தன்மை இல்லை. 'நீங்கள்' வரிக்கு வரி வருகிறது. 'நான்' எங்கேயும் வரவில்லை. சரி, அந்த 'நீங்கள்' யார்?

தவறை ஒப்புக்கொள்ளாதே என்று ஓட்டியவனுக்குத்தான் சொல்ல முடியும். உன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவி என்று வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் சொல்ல முடியும். செத்துப்போன சைக்கிள்காரனுக்கு ஏது காப்பீட்டு நிறுவனம்? ஆக இந்தப் பிரதி தனக்குள் கட்டமைத்து வைத்திருக்கும் வாசகன் கார் வைத்திருப்பவன், விபத்தில் பிழைத்தவன், பெரும்பாலும் அமெரிக்காவின் ஏதோவொரு நகரத்துக்காரன். இந்த எந்திரங்கள் இதுவரை எழுதப்பட்டவற்றை ஏராளமாக உள்வாங்கி, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியம் செய்பவை. விபத்து பற்றி உலகில் அதிகம் எழுதப்பட்டிருப்பது ஆங்கிலத்தில், கார்க்காரனைப் பார்த்து. அந்தக் குரல்தான் தமிழ் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறது. என் தங்கச்சி கேட்டது சைக்கிளின் பக்கமிருந்து. பதில் வந்தது காரின் உள்ளிருந்து. மொழி சரளமாக இருந்ததால் இந்த இடமாற்றம் அவள் கண்ணில் படவில்லை. எனக்கே இரண்டாவது வாசிப்பில்தான் பட்டது.

3

அகப்பொருள் இலக்கணத்தில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறோம். கருவும் உரியும் அதற்குப் பிறகுதான். சட்டத்துக்கும் இது பொருந்தும் என்று இந்த வழக்கில்தான் எனக்கு உறைத்தது. எந்த நிலத்துச் சட்டம், எந்தப் பொழுதில் நடப்பிலிருந்த சட்டம் என்று கேட்காமல் சொல்லப்படும் எந்தச் சட்டப் பதிலும் வெறும் சொற்கோவை.

முதலில் நிலம். விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட முடியும் என்று நம்பி, மூன்று பிள்ளை குட்டியோடு செங்கல்பட்டுக்கு யார் அலைவது என்று அவள் மலைத்துப் போயிருந்தாள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(2) பிரிவு மனுதாரர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்கிறது. சொந்த மாவட்டத்திலேயே போட்டிருக்கலாம்.

அடுத்தது பொழுது. 1988இல் இந்தச் சட்டம் வந்தபோது ஆறு மாதக் காலவரம்பு இருந்தது. 1994 நவம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அது 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளின் தீர்ப்புகளும் கையேடுகளும் கேள்வி பதில்களும் 'காலவரம்பு இல்லை' என்றே எழுதி வைத்திருக்கின்றன. எந்திரம் தின்றது அவற்றைத்தான். எதை அதிகம் பேர் எழுதினார்களோ அதையே அது திருப்பிச் சொல்கிறது. திருத்தம் என்பதோ எப்போதும் சிறுபான்மை வாக்கியம்.

சோதனைக்காக நானே இன்னொரு கேள்வி கேட்டேன். மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு எவ்வளவு? ஒரு தடவை 25,000 என்றது. மறுநாள் 2,00,000 என்றது. முதலாவது 2022 மார்ச் வரை இருந்த தொகை, இரண்டாவது அதற்குப் பிறகு வந்தது. இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொன்னது. குற்ற வழக்கும் அப்படித்தான். 2024 ஜனவரியில் நடந்த சாவுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் 304அ. அதே சாலையில் அதே கார் அதே ஆண்டு ஆகஸ்டில் மோதியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1). பொழுது மாறினால் பிரிவும் மாறுகிறது.

இனி அந்த ஐந்து லட்சம். அது முற்றிலும் பொய்யில்லை. 164ஆம் பிரிவின்படி யார் தவறு என்று நிரூபிக்காமலே கேட்கக்கூடிய நிலைத்த தொகை அது. கார் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து 166ஆம் பிரிவின்கீழ் கேட்டால் கணக்கே வேறு. மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குட்பட்ட, நிலையான சம்பளமில்லாத உழைப்பாளிக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக 21,000, ஆண்டுக்கு 2,52,000. மனைவி, மூன்று பிள்ளைகள், தாய் என்று ஐந்து பேர் அண்டியிருந்தால் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும் என்பதும், முப்பத்தாறிலிருந்து நாற்பது வயதுவரை 15ஆல் பெருக்க வேண்டும் என்பதும் 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுக்கப்பட்டவை. 1,89,000ஐ 15ஆல் பெருக்கினால் 28,35,000. ஈமச்செலவு முதலியவை இதற்கு மேல். இருபத்தெட்டு லட்சத்துக்கு வழியிருக்கும் இடத்தில் ஐந்துக்குக் கையெழுத்து! இதைத் 'தகவல் பிழை' என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அது சொல்லாமல் விட்டதும் உண்டு. 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, 'ஸ்டேஷன்லேர்ந்து ரிப்போர்ட் போச்சா?' என்பது. கேள்வி தெரியாதவளுக்குக் கேள்வியை எடுத்துக்கொடுப்பதுதான் ஆலோசனை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது வேறு வேலை.

4

இந்த இடத்தில் எந்திரத்தைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்ளலாம். அது நியாயமாக இருக்காது. ஏன் ஒரு வக்கீலைப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னாள்: 'பார்த்தனேண்ணே. பொணத்த வாங்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஆளு வந்து வக்காலத்துல கையெழுத்துப் போடுங்கன்னான். வர்ற பணத்துல கால் பங்குன்னான். பயந்துட்டேன். இது ஒன்னும் கேக்கலண்ணே. நில்லு, அப்பறம் வான்னு சொல்லல. எத்தினி வாட்டி கேட்டாலும் கோவப்படல.'

வழக்கின் பலனில் பங்கு கேட்பது இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதிகளுக்கே விரோதம். பிணவறை வாசலில் அதை யார் படித்துக் காட்டுவது? உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்ப்புகள் இன்றும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. வராண்டாவில் காக்க வைத்தல், குமாஸ்தாவின் அதட்டல், புரியாத பாஷை ஆகியவை சேர்ந்த ஓர் அதிகாரச் சொல்லாடலைத்தான் நாம் சட்டம் என்று அவளுக்குக் கொடுத்திருந்தோம். அதற்கெதிரில் கோபப்படாத ஒரு குரல் வந்தபோது அவள் அதனிடம் போனாள். அவள்மேல் தப்பில்லை. பரிவின் தொனியைப் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பரிவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சைக்கிளில் பின்விளக்கு இல்லை என்பதையும் பையன் அதனிடம் எழுதியிருக்கிறான். வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. எந்திரத்திடம் சொன்னதற்கு அப்படியொரு பாதுகாப்பு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. இறந்தவர் மீதும் பாதித் தவறு என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு பின்விளக்கு போதும்.

5

ஆசிரியனின் மரணம் பற்றிய பார்த்தின் கட்டுரையை (1967) மாணவனாக இருந்தபோது கொண்டாடியவன் நான். சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடிப் படித்து, பிரதிக்கு ஆசிரியன் தேவையில்லை என்று மேடையிலும் பேசியிருக்கிறேன். அதை இப்போது முழுசாகக் கைவிடவில்லை. ஆனால் 1969இல் ஃபூக்கோ சொன்ன ஒன்றை அப்போது நாங்கள் போதுமான அளவு படிக்கவில்லை என்று தோன்றுகிறது: எழுதியவனைத் தண்டிக்க வேண்டிய தேவை வந்தபோதுதான் பிரதிகளுக்கு ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள் என்பது. ஆசிரியன் பெயர் என்பது புகழுக்கான இடம் மட்டுமல்ல, பிடித்துக் கேட்பதற்கான இடமும்தான்.

2023இல் நியூயார்க்கில் ஒரு விமானப் பயணியின் காயத்துக்கான வழக்கில், எந்திரம் இட்டுக்கட்டிக் கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். அங்கே மனுவின் அடியில் ஒரு கையெழுத்து இருந்தது; அந்தக் கையைப் பிடிக்க முடிந்தது. விருத்தாசலம் பக்கத்து வீட்டில் வந்த இருபத்திரண்டு வரிக்கு அடியில் யார் கையெழுத்து? 'தகுதியான வழக்கறிஞரை அணுகவும்' என்ற கடைசி வரி அறிவுரை போலத் தெரிகிறது. உண்மையில் அது கையெழுத்துப் போடாமல் நழுவுவதற்கான வரி.

நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். 166(3) பிரிவை எதிர்த்த வழக்கு நடந்துகொண்டிருக்க, ஆறு மாதம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை போட்டது. 'பார்த்தீரா, எந்திரம் சொன்னதுதானே கடைசியில் நடந்தது' என்றார். நடந்தது உண்மைதான். தாமதத்தோடு போட்ட எங்கள் மனுவும் அந்த ஆணையால்தான் மூச்சு விடுகிறது. ஆனால் அவள் கேட்ட அன்று அந்த ஆணை கிடையாது. நின்றுபோன கடிகாரமும் ஒரு நேரத்தில் சரியான மணி காட்டும்; அதைப் பார்த்து பஸ்ஸுக்குக் கிளம்ப முடியாது.

எந்திரம் வேண்டாம் என்று தோழர்களிடம் சொல்ல நான் வரவில்லை. ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றின் சாரத்தைத் தமிழில் கேட்டுப் பார்க்கலாம், வக்கீலிடம் கேட்க வேண்டியவற்றைப் பட்டியல் போடலாம். எந்த நிலம், எந்தப் பொழுது, யார் பொறுப்பு என்ற மூன்றையும் விசாரிக்காமல் அதன் பேச்சில் ஒரு நாளைக்கூட இழக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண் இருக்கிறது. இதை அவளுக்கு முதலிலேயே நாம் யாரும் சொல்லவில்லை. பிரதிகளைக் கட்டவிழ்த்துக்கொண்டிருந்த நமக்கு, தேதியும் ஊரும் பெயரும் போட்ட இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் அச்சடித்து ஆஸ்பத்திரி வாசலில் கொடுக்கத் தோன்றவில்லை. அந்த வாசலைத் தரகனுக்கும், வீட்டுக்குள் அவள் கேட்ட கேள்வியை எந்திரத்துக்கும் விட்டுவிட்டோம்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது, 'அப்ப நீ சொல்றதும் நாளைக்கு மாறிடுமாண்ணே?' என்று கேட்டாள். மாறும். மேலே சொன்ன பிரிவுகளும் தொகைகளும் எழுதும் இந்த நாள் வரையிலானவை. நான் வக்கீல் இல்லை. தப்பாக இருந்தால் என்னைப் பிடித்துக் கேட்கலாம்; கட்டுரைக்கு அடியில் என் பெயர் இருக்கிறது.