குயவர் தந்த கூரை

கட்டடக்கலைஞர் அனுபமா குண்டு 1967இல் புனேயில் பிறந்தவர். மும்பை சர் ஜே. ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் 1989இல் படிப்பை முடித்து, மறு ஆண்டே ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தார். 1968இல் தொடங்கப்பட்ட அந்தக் குடியிருப்பு அமைந்தது செம்மண் மேட்டில். மழை அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்த நிலம். குடியேறியவர்கள் வரப்புக் கட்டி, நீர் தேக்கி, மரம் நட்டு அதை மீட்டார்கள். அங்கே அவர் கட்டிய முதல் பத்தாண்டு வேலைகளை வரிசையாகப் பார்த்தால், அவருடைய கவனம் மீண்டும் மீண்டும் கூரையில் போய் நிற்பது தெரியும். சுவரை உள்ளூர் மண்ணிலேயே எழுப்பிவிடலாம்; சிமெண்டும் கம்பியும் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் கூரை வழியாகத்தான்.

1990இல் தமக்கென்று கட்டிக்கொண்ட குடிசையில் சிமெண்டும் கம்பியும் வேண்டுமா என்ற கேள்வியே எழவில்லை. கருங்கல் மேல் நிறுத்திய சவுக்குக் கம்புகள், தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டு, பாக்குமரத்தைப் பிளந்து பாவிய தரை, மேலே கீற்று. கிராமத்தில் எவருக்கும் தெரிந்த வேலை இது. படித்து வந்தவர் சேர்த்தது அளவும் ஒழுங்கும் மட்டுமே. கம்புகளின் இடைவெளி, தரையின் உயரம், காற்று புகும் வழி ஆகியவற்றில் ஒரு கட்டடக்கலைஞரின் கண் தெரிகிறது. அவிழ்த்தால் குழி கூட மிஞ்சாமல் நிலத்தைவிட்டு எழுந்துவிடக்கூடிய வீடு.

கீற்றின் எல்லை தெரிய வேண்டுமானால் புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடியைப் பார்க்க வேண்டும். தென்னந்தோப்பும் செம்மண்ணும் ஏரிப் பாசனமும் உள்ள அந்த வட்டாரத்தில் கீற்று முடைவது வீட்டுத் திண்ணை வேலை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் அங்கே தென்னையையும் சாய்த்தது, கூரையையும் பிய்த்தது. மேலே வேயக் கீற்றுத் தரும் மரமே தரையில் கிடந்தது. அதன் பிறகு காங்கிரீட் தளம் கேட்பவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உள்ளூர்ப் பொருள் என்று பேசுகிற கட்டடக்கலை, காற்றுக்கு நிற்கும் கூரையை உள்ளூரிலேயே காட்டியாக வேண்டும்.

குண்டுவின் விடை 2000இல் முடிந்த 'வால் ஹவுஸ்'. ஆரோவில்லின் ஆரோமாடல் பகுதியில் தமக்காகவே கட்டிய வீடு. சுவருக்கு அவர் எடுத்தது அச்சுக்கல்: பழைய மெட்ராஸ் டெரஸ் தளங்களில் செங்குத்தாக அடுக்கிய அதே மெல்லிய செங்கல், சிறு சூளைகளில் வேகுவது. சுண்ணாம்புக் காரையில் வைத்து, பூச்சில்லாமல் விட்டார். கல் மெல்லியதாக இருப்பதால் வரிசைகள் நெருங்கி வருகின்றன. தூரத்தில் நெசவு போலவும், கிட்டத்தில் கொத்தனாரின் கையெழுத்து போலவும் தோன்றும். மறைக்கப் பூச்சு இல்லாத சுவரில் கோணல் வரிசையை ஒளிக்க இடமில்லை. இங்கே ரசிக்க வேண்டியது அந்தக் கண்டிப்பைத்தான்.

நீண்டு குறுகிய நடுக்கூடத்தின் அகலம் 2.2 மீட்டர். அதன் மேல் வளைவுக் கூரை. ஒரு முனை குறுகிய வெற்று மண்குழல்களைக் குயவர் சக்கரத்தில் வனைந்து சுட்டுத் தர, ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைச் செருகி வளைவாக்கினார்கள். சங்கிலியின் இரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் கிடைக்கும் வளைவைத் தலைகீழாகத் திருப்பினால் வரும் வடிவம் அது. அந்த வடிவத்தில் பாரம் முழுவதும் அழுத்தமாகவே கீழிறங்கும். இழுவிசை இல்லாததால் இரும்புக் கம்பிக்கு வேலை இல்லை. குழலுக்குள் அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். தட்டையான தளங்களில் காங்கிரீட்டைத் தவிர்க்க முடியவில்லை. அங்கே வெற்று மண்கலன்களை இடையிடையே பதித்து அதைக் குறைத்தார்.

புதுக்கோட்டைச் சீமைக்காரர் இந்தக் குழலைப் பார்த்தால் அய்யனார் கோயில் குதிரையின் கால் நினைவுக்கு வரும். குயவர்களான வேளார்கள் செய்யும் மண்குதிரையின் காலும் உடலும் உள்ளே வெற்றிடம் உள்ளவை, உருளைகளாக எழுப்பிச் சேர்த்தவை. பிளாஸ்டிக் குடம் வந்து பானை விற்காமல் போன கைகளுக்குக் கூரை வேலை தருவது என்பது கலையைக் காப்பதாகச் சொல்லும் மேடைப் பேச்சைவிடப் பயனுள்ளது. சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகிற பணம் கூலியாக ஊருக்குள்ளேயே தங்குகிறது. நேரம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மை. தேர்ந்த கை கிடைக்காத இடத்தில் இந்த வேலை தடுமாறும் என்பதும் உண்மை.

2012இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் வால் ஹவுஸின் முழு அளவுப் பிரதி எழுந்தபோது, இந்தியக் கொத்தனார்கள் அங்கே போய்க் கட்டினார்கள். வெனிஸ், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களோடு வேலை செய்தார்கள். வரைபடத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அந்தச் சுவர் வந்திருக்காது.

கூரைக் கேள்வியை அவர் இன்னும் ஒருபடி தள்ளிக்கொண்டு போனது புதுச்சேரியில், ஆதரவற்ற குழந்தைகளுக்காக 'வாலண்டாரியா' அமைப்பு கட்டிய இல்லங்களில். 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரே மீக்கர் வளர்த்தெடுத்த முறை அங்கே பயன்பட்டது. பச்சை மண்கல்லால் வீட்டையும் கவிகைக் கூரையையும் கட்டி, உள்ளே விற்பனைக்கான செங்கல்லையும் ஓட்டையும் அடுக்கி, வீட்டையே சூளையாக மூட்டம் போட்டுச் சுடுவார்கள். சாதாரணச் சூளையில் சுவர் குடித்து வீணாகும் வெப்பம் இங்கே சுவரையே வேகவைக்கிறது. ஈரானில் கட்டடக்கலைஞர் நாதர் கலீலி முன்பே முயன்றது இது. நெருப்பு அணைந்து ஆறியதும் உள்ளே அடுக்கிய கல்லை வெளியே எடுப்பார்கள். பிறகு கதவும் ஜன்னலும் வைக்கலாம்.